பத்தாயிரத்தோடு முடிகிற கணக்கு அல்ல

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு உங்கள் கணவரும் தம்பியும் ஒரே பைக்கில் திரும்பி வரும்போது போலீஸ் மறித்ததையும், ஊதச் சொன்னதையும், மெஷினில் 62 என்று வந்ததையும், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் நடந்து வீடு வந்து சேர்ந்ததையும் எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் கேட்டிருக்கிறீர்கள்: “ஒரு கட்டிங்தான் சார் போட்டிருக்கார். நிதானமாத்தான் ஓட்டிட்டு வந்தார். யார் மேலயும் மோதல, கீழயும் விழல. பத்தாயிரம் கட்டிட்டா முடிஞ்சுடுமா? லைசென்ஸுக்கு ஒண்ணும் ஆகாதில்ல? பின்னாடி உக்காந்து வந்த தம்பி மேல எதுக்கு கேஸ்?”

இந்தக் கேள்விகளை ஒரு வழக்கறிஞனாக வாரம் தவறாமல் யாராவது ஒருவரிடமிருந்து கேட்கிறேன். அதனால் உங்கள் பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு, எல்லோரும் படிக்கும்படி இந்தப் பதிலை எழுதுகிறேன். உங்கள் கணவரும் தம்பியும் இதைப் படிக்க வேண்டும்.

முதலில் அந்த 62. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 185-வது பிரிவு ஓர் எல்லையை வகுத்திருக்கிறது. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வண்டி ஓட்டினாலோ, ஓட்ட முயன்றாலோ குற்றம். தள்ளாடினாரா, நேராக ஓட்டினாரா, யார் மீதாவது மோதினாரா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. “நிதானமாத்தான் ஓட்டினார்” என்பது உண்மையாகவே இருந்தாலும் அது எதிர்வாதம் ஆகாது.

ஒரு கட்டிங்குக்கு 62 வருமா என்று சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். வரும். கணக்கைப் பார்த்துவிடுங்கள். நம் கடைகளில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கியில் ஆல்கஹாலின் அளவு 42.8 சதவீதம். 90 மில்லி கட்டிங்கில் ஏறத்தாழ 30 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண் அதைக் குடித்தால், உடம்பில் ஏறி முடிக்கும்போது ரத்தத்தில் 60-ஐத் தாண்டும். எடை குறைவாக இருந்தால் இன்னும் கூடும். குவார்ட்டர் என்றால் அதே மனிதருக்கு 120-க்கு மேல். 5 சதவீத பீர் 650 மில்லி பாட்டில் ஒன்று, 50-ஐத் தாண்டும். சாப்பிட்ட சாப்பாடு, குடித்த வேகம் ஆகியவற்றைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். ஆனால் ஒன்று மட்டும் மாறாது: நம் ஊரில் யாரும் “குடித்தேன்” என்று சொல்லிக்கொள்ளக்கூடக் கூசும் அந்த ஒரு கட்டிங்கே சட்டத்தின் எல்லையைப் போல் இரண்டு மடங்கு. உங்கள் கணவர் உங்களிடம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அந்த உண்மையே வழக்குக்குப் போதுமானது.

இதே கணக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அவர் டாடா ஏஸ் ஓட்டுகிறார், விடியற்காலையில் மார்க்கெட் லோடு எடுக்கப் போவார் என்று எழுதியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். உடம்பு ஆல்கஹாலை எரிக்கும் வேகம் சராசரியாக மணிக்கு 15 மில்லி கிராம்தான். மோர் குடித்தாலும், எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாலும், வாந்தி எடுத்தாலும் ரத்தத்தில் ஏறியது அந்த வேகத்தில்தான் இறங்கும். இரவு 11 மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டுப் படுத்தவர் காலை 5 மணிக்கு எழுந்து குளித்து, விபூதி பூசி, தெளிவாக வண்டி எடுக்கிறார். அப்போதும் அவர் ரத்தத்தில் 30-க்கு மேல் இருக்க வாய்ப்புண்டு. அவருக்குப் போதை தெரியாது. மெஷினுக்குத் தெரியும். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால், பிரேக்கை மிதிக்க வேண்டிய காலுக்கும் தெரியும்.

இனி வழக்கைப் பார்ப்போம். ஹெல்மெட் போடாததற்கும் சிக்னலை மீறியதற்கும் அங்கேயே அபராதம் கட்டி ரசீது வாங்கிவிடலாம். சட்டத்தின் 200-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. அந்தப் பட்டியலில் 185 இல்லை. அதனால் குடித்துவிட்டு ஓட்டிய வழக்கைச் சாலையிலேயே முடிக்கச் சட்டத்தில் வழி கிடையாது. அப்படி முடித்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அது அபராதம் அல்ல, கொடுக்காதீர்கள். இது நீதிமன்றத்துக்குப் போகிற குற்ற வழக்கு. முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சிறையா அபராதமா என்பதை முடிவு செய்பவர் நீதித்துறை நடுவர். பெரும்பாலும் அபராதத்தோடு விடுகிறார்கள் என்பதால் மக்கள் இதை “ஃபைன் கேஸ்” என்று நினைத்துக்கொள்கிறார்கள். அபராதம் கட்டினாலும் அது குற்றவாளி என்று தீர்ப்பாகித் தரப்பட்ட தண்டனைதான்.

2019 திருத்தத்துக்கு முன்பு இந்த அபராதம் 2,000 ரூபாய் வரைதான். திருத்தம் அதை 10,000 ஆக்கியது. தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. தொகையைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். அதே திருத்தம் சத்தமில்லாமல் செய்த இன்னொரு மாற்றம் பலருக்குத் தெரியாது. முன்பெல்லாம் முதல் குற்றத்திலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி மாட்டினால்தான் “இரண்டாவது குற்றம்”. அந்தக் கால வரம்பை எடுத்துவிட்டார்கள். இப்போது எத்தனை ஆண்டுகள் கழித்து மாட்டினாலும் இரண்டாவது இரண்டாவதுதான்: 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். ஆகவே உங்கள் கணவர் இப்போது ஒப்புக்கொண்டு கட்டப்போகும் பத்தாயிரம், அவருடைய ஆயுள் முழுக்க அவர் பெயரில் நிற்கும்.

அடுத்து லைசென்ஸ். உங்கள் வீட்டுக்கு இதுதான் பெரிய அடி. 185-இல் சிக்கியவரின் ஓட்டுநர் உரிமத்தைப் போலீஸ் வாங்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 206-வது பிரிவு. அங்கே 19-வது பிரிவின்படி முதல் தடவைக்கு 3 மாதம் தகுதி நீக்கம். மறுபடி மாட்டினால் உரிமமே ரத்து. 3 மாதம் முடிந்தாலும் புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் திரும்பக் கிடைக்கும். அவர் மாட்டியது சொந்த பைக்கில். டாடா ஏஸில் அல்ல. ஆனால் பைக்குக்கு ஒன்று, லோடு வண்டிக்கு ஒன்று என்று தனித்தனி உரிமம் கிடையாது. ஒரே அட்டை. அது போனால் மூன்று மாத வருமானமும் போகும்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். உத்தரவு போடும் முன் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நேரில் போய், எழுத்து மூலம் பதில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

அந்த மூன்று மாதத்தில் ஓர் ஆசை வரும். “காலையில நாலு மணிக்கு எவன் செக் பண்ணப் போறான், ஒரு டிரிப் மட்டும் அடிச்சுட்டு வந்துடறேன்” என்பார். அந்த ஒரு டிரிப்பைத் தடுப்பது உங்கள் பொறுப்பு. தகுதி நீக்கக் காலத்தில் ஓட்டினால் 182-வது பிரிவில் 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதைவிட, அன்றைக்கு ஒரு விபத்து நடந்தால் உரிமம் இல்லாதவர் ஓட்டினார் என்று இன்சூரன்ஸ் கம்பெனி ஒதுங்கப் பார்க்கும். முதலாளியிடம் இப்போதே உண்மையைச் சொல்லி, மூன்று மாதத்துக்கு லோடுமேன் வேலையோ குடோன் வேலையோ கேட்கச் சொல்லுங்கள். முதலாளிக்குப் பின்னால் வேறு வழியாகத் தெரிய வந்தால் வேலையே போகலாம்.

இந்த மூன்று மாதத் தடை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நம் ஊர் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைத் தடுக்க அரசுகளுக்கு உத்தரவிட வேண்டும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். அந்த வழக்கில் 2014-இல் நீதிமன்றம் சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தது. நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையிலான அந்தக் குழுதான் 2015-இல், குடித்துவிட்டு ஓட்டுபவர்களின் உரிமத்தைக் குறைந்தது 3 மாதம் முடக்குங்கள் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. பின்னால் அது சட்டத்திலேயே ஏறியது. நொறுங்கிய கால்களையும் முதுகெலும்புகளையும் ஆபரேஷன் தியேட்டரில் சேர்த்துத் தைப்பவர், இது தியேட்டரில் தீருகிற விஷயம் அல்ல என்று நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார். உங்கள் கணவரின் உரிமத்தை முடக்கும் உத்தரவுக்குப் பின்னால் இருப்பது வருமானத்துக்கு வழி தேடும் அரசாங்கம் மட்டும் அல்ல என்பதை அவர் அறிந்துகொள்வது நல்லது.

சட்டம் அவருக்குச் சில உரிமைகளையும் தருகிறது. அவற்றையும் மறைக்காமல் சொல்வது என் கடமை. ஊதச் சொல்ல அதிகாரம் உள்ளவர் சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரியோ மோட்டார் வாகனத் துறை அதிகாரியோதான். குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்க வேண்டும். வாயில் வாசம் வருகிறது என்பது மட்டும் வழக்குக்குப் போதாது. மெஷினோ ரத்தப் பரிசோதனையோ 30-க்கு மேல் காட்ட வேண்டும். மது வாடை, தடுமாறும் நடை, குழறும் பேச்சு, விரிந்த கண்மணி ஆகியவற்றை மட்டும் வைத்துப் போதையில் இருந்தார் என்று உறுதியாக முடிவுகட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லியிருக்கிறது. 185-இல் ஒருவரைக் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் விடுவிக்க வேண்டும் என்கிறது 202-வது பிரிவு. வண்டியைப் பொறுத்தவரை, குடிக்காத ஒருவர் வந்து எடுத்துப் போகத் தயாராக இருந்தால் அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. உங்கள் வண்டியைக் கேட்கும் மனுவில் அதை உங்கள் வழக்கறிஞர் எடுத்துக்காட்டலாம்.

ஊதவே மாட்டேன் என்று மறுத்தால் தப்பிக்கலாம் என்று டீக்கடையில் யாராவது சொல்லியிருப்பார்கள். தப்பிக்க முடியாது. தக்க காரணமில்லாமல் மறுத்தால், அந்த மறுப்பையே அவருக்கு எதிரான சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 205-வது பிரிவு. குடித்திருப்பதாகச் சந்தேகம் இருந்தால், மறுத்தவரை வாரண்ட் இல்லாமல் கைது செய்யவும் போலீஸுக்கு அதிகாரம் உண்டு.

உங்கள் கணவர் வழக்கில் மெஷின் சீட்டு இருக்கிறது, 62 என்று அச்சாகியிருக்கிறது, அவரும் குடித்ததை மறுக்கவில்லை. இதில் ஓட்டை தேடிச் செலவு செய்யச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். 185-வது பிரிவுக் குற்றத்துக்கு யார் உடந்தையாக இருந்தாலும் அதே தண்டனை என்கிறது 188-வது பிரிவு. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ், குடித்தவர் ஓட்டும் வண்டியில் கூட வருபவர் மீதும் இந்தப் பிரிவில் நடவடிக்கை எடுப்போம் என்று அறிவித்தது. சட்டப்படி பார்த்தால், உடந்தை என்பதற்குத் தூண்டியிருக்க வேண்டும், சேர்ந்து திட்டமிட்டிருக்க வேண்டும், அல்லது தெரிந்தே உதவியிருக்க வேண்டும். சும்மா பின்னால் உட்கார்ந்திருந்ததே உடந்தை ஆகுமா என்று நடுவர் முன் வாதாட இடம் இருக்கிறது. உங்கள் தம்பியின் வழக்கில் அந்த வாதத்தை வைக்கத்தான் வேண்டும். அவர் போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறார் என்றால் இன்னும் கவனம் தேவை. அரசு வேலை விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்கும் இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். சிறு வழக்கை மன்னிக்க அதிகாரிக்கு இடமிருக்கிறது; மறைத்ததை மன்னிப்பது கடினம். 2016-இல் உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் வகுத்த நெறிமுறைகளும் அந்தப் போக்கில்தான் இருக்கின்றன.

ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே, அக்காவாக நீங்கள் தம்பியிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மாமா குடித்தது அவருக்குத் தெரியும். வண்டியை எடுக்கும்போது பக்கத்தில்தான் நின்றிருந்தார். “வேணாம் மாமா, ஆட்டோவுல போயிடலாம்” என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் இருந்தது. பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியிருப்பார். அந்த மரியாதை மாமாவைக் கொன்றிருக்கக் கூடும்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் இது பத்தாயிரம் ரூபாய்ப் பேச்சாக இருக்கிறது. ஆகியிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2006 நவம்பர் 12, விடியற்காலை, மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் சாலை. நடைபாதையில் கட்டடத் தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஓர் இளைஞன் ஓட்டி வந்த கார் நடைபாதையில் ஏறியது. 7 பேர் செத்தார்கள், 8 பேர் காயமடைந்தார்கள். அவன் ரத்தத்தில் இருந்தது 0.112 சதவீதம், நம் கணக்கில் 112. மேலே சொன்னேனே, ஒரு குவார்ட்டருக்கு 120-க்கு மேல் என்று. அதைவிடக் குறைவு.

விசாரணை நீதிமன்றம் அதைக் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று கருதி 6 மாதம் கொடுத்தது. மும்பை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கொலை ஆகாத மரணம் விளைவித்தல் என்ற கடும் பிரிவுக்கு மாற்றி 3 ஆண்டு சிறை விதித்தது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காரணம்தான் முக்கியம். அவன் யாரையும் கொல்ல நினைக்கவில்லை என்பது நீதிமன்றத்துக்கும் தெரியும். ஆனால் குடித்த நிலையில் அத்தனை வேகமாக ஓட்டினால், அந்த நேரத்தில் ஆட்கள் படுத்திருக்கும் இடத்தில் உயிர் போகலாம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றது நீதிமன்றம். எண்ணம் இல்லாவிட்டாலும் அந்த அறிவு போதும். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை. அறிந்தே விளைவித்தது என்றால் 105-வது பிரிவில் 10 ஆண்டு வரை.

சகோதரி, இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது இந்த இடத்தில்தான் இருக்கிறது. விபத்து நடந்த நொடியில் பிரேக் பிடித்தாரா, ஹாரன் அடித்தாரா, எதிரே வந்தவர் மீதும் தப்பு இருந்ததா என்றெல்லாம் ஓட்டியவர் வாதாடுவார். நீதிமன்றம் அதற்கு முந்தைய ஒரு நொடியைத் தேடிப் போகிறது. குடித்திருக்கிறோம் என்று தெரிந்தும் சாவியைக் கையில் எடுத்தாரே, அந்த நொடி. குற்றம் அங்கேயே முடிவாகிவிட்டது. அதற்கப்புறம் யாரும் சாகாமல் வீடு வந்து சேர்வது அவருடைய திறமை அல்ல. எதிரே யாரும் வராதது.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். அந்த ஞாயிறு இரவு, 30 வயதில் ஒருவர் அவர் வண்டியில் அடிபட்டு இறந்திருந்தால்? மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த ஒரு கொத்தனார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி கணக்குப் போடும். எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கு கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. 30 வயதுக்கான பெருக்கு எண் 17. மொத்தம் 32,13,000 ரூபாய். இதற்கு மேல் ஈமச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை, வட்டி.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். இறந்தவரின் குடும்பம் தவிக்கக் கூடாது என்பதால் முதலில் கம்பெனி கட்டட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன. அதோடு நிற்பதில்லை, கட்டியதை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்தே சொல்கின்றன. 2019 திருத்தத்தில் குடித்துவிட்டு ஓட்டுவது, கம்பெனி தன் பொறுப்பை மறுக்கச் சட்டமே ஒப்புக்கொண்ட காரணங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பைக் உங்கள் கணவர் பெயரில். ஆக அந்த 32 லட்சமும் வந்து நிற்கும் இடம் உங்கள் வீட்டு வாசல். சொந்த வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கோ ஒரு ரூபாய்கூட வராமல் போகலாம். போதையில் ஓட்டியதைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் ஒரு சொகுசுக் கார் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரு கட்டிங் குடித்து பைக் ஓட்டியவருக்கும் பாலிசியில் இருப்பது அதே நிபந்தனைதான்.

உங்கள் கடிதத்தில் கோபத்தோடு ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “விக்கிறதும் கவர்ன்மென்ட், புடிக்கிறதும் கவர்ன்மென்ட். இது என்ன சார் நியாயம்?” அந்தக் கோபம் நியாயமானது. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில்தான். நெடுஞ்சாலை ஓரங்களில் வரிசையாகக் கடை திறந்திருந்ததை எதிர்த்து பா.ம.க. வழக்கறிஞர் கே. பாலு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அது உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2016 டிசம்பர் 15 அன்று நாடு முழுவதும் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற தீர்ப்பாக வந்தது. சின்ன ஊர்களுக்கு அந்தத் தூரம் பிறகு 220 மீட்டராகக் குறைந்தது. நகர்ப்புறங்களுக்கும் 2017-இல் தளர்வு வந்தது. தளர்த்தப்பட்டாலும், மதுவை எங்கே விற்கிறோம் என்பதிலும் உயிர்கள் இருக்கின்றன என்பதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்துவிட்டது.

அரசுக்கு இதில் பொறுப்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பாரின் வாசலில் பைக்குகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கிற யாருக்கும், உள்ளே இருப்பவர்கள் எப்படி வீடு திரும்புவார்கள் என்பது தெரியும். கடை மூடும் நேரத்தில் பேருந்து இல்லாத ஊர்களில் கடை மட்டும் இருப்பது அரசின் தவறு. அதைக் கேட்போம், உரக்கக் கேட்போம். ஆனால் இறந்துபோன கொத்தனாரின் மனைவியிடம் போய் “கடை வெச்சது கவர்ன்மென்ட்மா” என்று சொல்ல உங்களால் முடியுமா? அவருக்கு முன் நிற்க முடியாத எந்த வாதத்தையும் நான் உங்களுக்குத் தர விரும்பவில்லை.

இனி என்ன செய்வது? சம்மன் வந்த தேதியில் அவர் கண்டிப்பாக நீதிமன்றம் போக வேண்டும். போகாமல் விட்டால் பிடிவாரண்ட் வரும். நீங்களும் கூடப் போங்கள். நடுவர் சொல்வதைக் கணவர் வாய் வழியாகக் கேட்காமல் நேரில் கேளுங்கள். அபராத ரசீது, தீர்ப்பு நகல், ஆர்.டி.ஓ. உத்தரவு மூன்றையும் பத்திரமாக வையுங்கள். மூன்று மாதம் முடிந்ததும் பயிற்சி முடித்து உரிமத்தை வாங்குங்கள்.

அதற்குமுன் வீட்டில் ஓர் ஏற்பாடு வேண்டும். மது முதலில் கெடுப்பது காலையோ கண்ணையோ அல்ல, ‘நான் சரியாத்தான் இருக்கேன்’ என்று அளந்து பார்க்கும் புத்தியை. குடித்த பிறகு ஓட்டலாமா என்று யோசித்து முடிவெடுக்கும் ஆள் அங்கே இருக்க மாட்டார். அதனால் முடிவை முன்பே எடுத்துவிட வேண்டும். குடிக்கப் போகிற நாளில் வண்டி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. இரவு குடித்தால் மறுநாள் காலை லோடுக்கு வேறு டிரைவர் என்று முதலாளியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு என்று போகிற இடங்களில் தம்பியோ வேறு யாரோ ஒருவர் குடிக்காமல் இருந்து ஓட்டுவதாக வீட்டிலேயே பேசிக்கொண்டு கிளம்ப வேண்டும். குடியை விட முடிந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் அதற்குச் சிகிச்சை உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த ஏற்பாட்டைச் சொல்லும்போது அவர் முறைப்பார். “பொம்பள எனக்குச் சொல்றதா” என்பார். சொல்லுங்கள். மாட்டியது அவர் என்றாலும், மூன்று மாதம் வட்டிக்கு வாங்கி வீட்டை ஓட்டப்போவது நீங்கள். சாவியைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர்